நாய்க்குக் காலுறை மாட்டிய வீடு

ஒலிந்தா பெர்தோமோவின் வீட்டு வாசலுக்கு உட்புறம் பன்னிரண்டு கம்பளித் துண்டுகள் வரிசையாகக் கிடக்கும். பழைய போர்வையைக் காலளவுக்கு வெட்டி ஓரம் தைத்தவை. உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் காலுக்கு ஒன்றாக அவற்றை மிதித்துக்கொண்டு, பாதத்தைத் தூக்காமல், தேய்த்துத் தேய்த்தே நகர வேண்டும். மெழுகு பூசிய மரத்தரையில் செருப்பு படக்கூடாது. பாதிரியார் அப்படித்தான் போனார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் அப்படித்தான் போனார். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் கணவன் வால்தெமாருக்கு நெஞ்சு வலித்த அன்று, ஸ்ட்ரெச்சரோடு வந்த இரண்டு ஆம்புலன்ஸ்காரர்களையும் அவள் கம்பளியில் ஏற்றித்தான் உள்ளே விட்டாள். வால்தெமார் பிழைக்கவில்லை. அதற்குக் கம்பளிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எட்டு மீட்டர் ஹாலைத் தேய்த்துக்கொண்டே கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

என் பெயர் இர்மா பெந்தான்கோர். முதியோர் பராமரிப்புப் பயிற்சி முடித்து முப்பத்தொரு வருடம் மொன்டேவீடியோவில் கிழவர் கிழவிகளைத் தூக்கி, குளிப்பாட்டி, நடக்க வைத்துப் பிழைத்தவள். இடுப்பு முறிந்தவர்கள் மட்டுமே நாற்பது பேருக்கு மேல் என் கையில் இருந்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் தங்கள் வீட்டில், தாங்களே ஆசையாகப் பளபளக்க வைத்த தரையில் விழுந்தவர்கள். அதனால் பளபளப்பைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருவதில்லை. அதை வளர்ப்பவர்கள்மேலும் வருவதில்லை. ஒலிந்தாவைப் பற்றி எழுதுமுன் இதைச் சொல்லிவிடுவது நியாயம்.

அவள் பிறந்தது துறைமுகத்துக்கு எதிரே உள்ள செர்ரோ குன்றில், தகரக் கூரை போட்ட, மண் தரை வீட்டில். அம்மா ஊரார் துணி துவைத்தவள். ஒலிந்தா பத்தொன்பது வயதில் இறைச்சித் தொழிற்சாலையில் டின்களுக்கு மூடி அடித்தாள். இருபத்துநான்கில் சுங்க அலுவலகக் குமாஸ்தா வால்தெமாரைக் கட்டிக்கொண்டு ரெதுக்தோ பகுதியில் இந்த வீட்டுக்கு வந்தாள். ஹாலிலும் இரண்டு படுக்கையறைகளிலும் மீன்முள் வரிசையில் பதித்த மரக்கட்டைத் தரை. சமையலறையிலும் பின்பக்க நடையிலும் மட்டும் மொசைக்கும் சிமெண்டும்.

அன்றிலிருந்து அவளுக்கு மனிதர்கள் இரண்டே சாதி. மரத்தரை உள்ளவர்கள், இல்லாதவர்கள். டைல்ஸ் போட்ட வீடுகளைக் கறிக்கடை என்பாள். வியாழக்கிழமைதோறும் மெழுகு பூசினாள். முதலில் முழங்காலிட்டு, பிறகு மெருகு இயந்திரத்தால். மகன் ஃபப்ரீசியோ நடக்கப் பழகியது சமையலறை மொசைக்கில். ஹாலில் ஓடிய குற்றத்துக்கு அவன் வாங்கிய அடிகளை எதிர்வீட்டு நெல்சா இன்றும் எண்ணிச் சொல்வாள். விருந்தினர் குறைந்தார்கள். வந்தவர்களும் கம்பளியில் ஏறி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மாத்தே மூலிகைத் தேநீரை ஒரு சுற்று உறிஞ்சிவிட்டுக் கிளம்பினார்கள். தரையைப் பார்த்து வாயடைத்துப் போகிறார்கள் என்று ஒலிந்தா நினைத்துக்கொண்டாள். வழுக்கி விழாமல் வெளியே போய்ச் சேருவது எப்படி என்பதுதான் அவர்களுடைய யோசனை.

நாய்கள் அவள் தேடியவை இல்லை. கபித்தானை, துறைமுகத்தில் கிடந்த ஒரு மஞ்சள் குட்டியை, வால்தெமார் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். மோஸ்கா என்கிற ஈயளவுக் கறுப்பு நாய் ஒரு மழைநாளில் தானாக வந்து சேர்ந்தது. வால்தெமார் இருந்தவரை இரண்டும் முற்றத்தில் இருந்தன. அவர் போன மறுவாரம் ஒலிந்தா அவற்றை உள்ளே அழைத்தாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அழைத்ததோடு நகங்களை நினைத்துப் பயந்து, எட்டுக் கால்களுக்கும் கம்பளிக் காலுறை பின்னினாள். கபித்தானுக்குப் பழுப்பு, மோஸ்காவுக்குப் பச்சை. காலையில் மாட்டுவாள், முற்றத்துக்குப் போகும்போது கழற்றுவாள், திரும்பியதும் மறுபடி மாட்டுவாள்.

மெழுகின்மேல் கம்பளியை வைத்தால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் உடம்பால் தெரியும். மோஸ்கா சிறியது, வழுக்கினாலும் எழுந்துகொள்ளும். கபித்தான் முப்பத்தைந்து கிலோ. ஐந்தாறு வருடம் ஒவ்வொரு அடிக்கும் பின்னங்கால்கள் விலக விலக, அவன் இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. நாய் வைத்தியர் மாத்திரை கொடுத்தார். ஒலிந்தா மாத்திரையை இறைச்சித் துண்டில் பொதிந்து நேரம் தவறாமல் கொடுத்தாள். வியாழக்கிழமை நேரம் தவறாமல் மெழுகும் பூசினாள்.

ஏப்ரலில் அவள் இடுப்பு முறிந்தது. வாசற்படியில் பாதியும் நடைபாதையில் பாதியுமாகக் கிடந்தவளை நெல்சாதான் பார்த்து ஆம்புலன்ஸை அழைத்தாள். கபித்தானை உலாவ அழைத்துப் போகும்போது அவன் இழுத்துவிட்டான், மரவேர் தூக்கிய கல்லில் தடுக்கி விழுந்தேன் என்று ஒலிந்தா சொன்னாள். இந்த ஊரில் நடைபாதைக் கல்லைக் குற்றம் சொன்னால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. ஃபப்ரீசியோவும் கேட்கவில்லை.

ஃபப்ரீசியோவுக்கு நாற்பத்தாறு வயது. கார் உதிரிப் பாகம் விற்கிறான். பேசும்போது சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே இருப்பான். அம்மா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அவளைப் பற்றி என்னிடம் பேசுவான். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை வேலைக்குக் கேட்டபோது நான் ஒரே நிபந்தனை போட்டேன். மெழுகு பூசிய தரையில் வாக்கரோடு ஒருத்தியை நடக்க வைக்கமாட்டேன், தரையை மாற்ற வேண்டும். ஆச்சரியம், உடனே ஒப்புக்கொண்டான். சின்ன வயது அடிகள் நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் அவனும் ஒன்று சொன்னான். அம்மாவைத் தெருவில் இழுத்து விழவைத்த நாய் வீட்டில் இருக்கக்கூடாது. சான் ஹொசேயில் அவன் மைத்துனனுக்கு வயல் இருக்கிறது, கொட்டகையில் கட்டிப்போடலாம்.

பதினாலு வயது நாய்க்கு எங்கள் ஊரின் கடுங்குளிர் மாதமான ஜூலையில் திறந்த கொட்டகை என்றால் என்ன பொருள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். படுக்கையில் கிடந்த ஒலிந்தா மகனிடம் கெஞ்சினாள். அவள் கெஞ்சி அவனே பார்த்ததில்லையாம். கடைசியில் அவன் ஒரு பேரத்துக்கு வந்தான். "புதுத் தரை போடுவோம். அதுல கபித்தான் ஒழுங்கா நடந்தா இருக்கட்டும். ஒரு தடவை வழுக்கி உன் பக்கத்துல விழுந்தாலும் அன்னைக்கே வண்டியில ஏத்திடுவேன்."

ஆக, எந்தத் தரையைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் அந்தக் கிழட்டு நாயின் உயிர் இருந்தது.

ஜூன் முதல் வாரம் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே என் காலடியில் கம்பளியைத் தள்ளச் சொன்னாள்.

"நான் வழுக்கிக்கிட்டு வர மாட்டேன். எனக்கு எழுபத்திரண்டு வயசு. நான் விழுந்தா உங்களை யார் தூக்குறது?" என்றேன்.

"உன் கால் மண்ணு தரையில படும்."

"படட்டும். காலுக்குத்தான் தரை."

அன்றைக்கே எல்லாக் காலுறைகளையும் சேகரித்துச் சலவைக் கூடையில் போட்டேன். ஏழுதான் இருந்தன. எட்டாவது, பழுப்பு, ஹால் அலமாரிக்கு அடியில் கிடந்தது. அதன் பக்கத்தில் மெழுகின்மேல் அகலமாக ஒரு தேய்ப்பு. அந்தத் தேய்ப்பு அலமாரியிலிருந்து வாசல்வரை கோடாகப் போனது. பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள், நோயாளியின் அறைக்குள் போனதும் முகத்தைப் பார்க்காதே, தரையைப் பார் என்று. நான் பார்த்தேன். பிறகு நெல்சாவிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். ஒலிந்தா விழுந்து கிடந்தபோது இடுப்புக்கு அடியில் ஒரு கம்பளித் துண்டு இருந்தது என்றாள். தெருவுக்கு எவளாவது கம்பளியில் போவாளா என்று அவளே கேட்டுச் சிரித்தாள். கபித்தான் கழுத்தில் கயிறும் இல்லையாம்.

எனக்குப் புரிந்துவிட்டது. நாய் அவளைத் தெருவில் இழுக்கவில்லை. ஹாலில் விழுந்திருக்கிறாள். முறிந்த இடுப்போடு எட்டு மீட்டர் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிருக்கிறாள், தரைக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று. அந்த வலி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்; இளம் வயது ஆண்களே படுக்கை விரிப்பை மாற்றும்போது அலறுவார்கள். இவ்வளவு மன உறுதியை இவ்வளவு மட்டமான காரணத்துக்குச் செலவழித்த ஒருவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நான் ஃபப்ரீசியோவிடம் சொல்லவில்லை. நோயாளி குடும்பத்திடம் சொன்ன பொய் நோயாளிக்குச் சொந்தம், அதை உடைப்பது என் வேலை இல்லை. ஆனால் அந்தப் பழுப்புக் காலுறையைத் துவைத்து, மடித்து, தினமும் காலை அவள் மாத்திரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் கைத்துண்டால் அதை மூடிவிட்டு மாத்திரையை விழுங்குவாள். மறுநாள் மறுபடி வைப்பேன்.

தரை தேர்வு தொடங்கியது. மில்தோன் என்ற விற்பனையாளர் மாதிரித் துண்டுகள் நிறைந்த பெட்டியோடு வந்தார். வாசலில் கம்பளியைப் பார்த்ததும், கேட்காமலே அதில் ஏறிக்கொண்டார். ஒலிந்தாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து, இந்த ஆள் எதை விற்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துபோனது.

நான்கு வகை காட்டினார். மரம் போலவே தெரியும் லேமினேட் பலகை, வினைல் பட்டை, வெள்ளைப் பளிங்கு போல மின்னும் டைல், மங்கலான சொரசொரப்பு டைல். நான்கிலும் இரண்டிரண்டு துண்டுகளை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். கையால் தடவிப் பார்ப்பதுதான் வழக்கம் என்றார் அவர். தரையைக் கையால் தடவிப் பார்த்து வாங்குகிற முட்டாள்தனம் எப்படி வழக்கமாயிற்று என்று தெரியவில்லை. நாய் கையாலா நடக்கிறது?

மறுநாள் காலை கபித்தான் முற்றத்தில் காலை அகட்டி நின்றபோது பின்னாலிருந்து சூப் கரண்டியை நீட்டிப் பிடித்தேன். மனிதர்களுடையதை ஆயுள் முழுக்க அளந்தவளுக்கு நாயுடையதில் என்ன கூச்சம். நான்கு வகையிலும் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் அதை ஊற்றி, மறுநாள்வரை விட்டேன். அந்தக் கரண்டி பிறகு சமையலறைக்குத் திரும்பவில்லை. லேமினேட்டின் விளிம்பு பாலில் நனைந்த பிஸ்கட் மாதிரி உப்பியிருந்தது. அதைத் தூக்கிப் போட்டேன். வினைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நகத்துக்கும் தாங்கியது, காலுக்கும் மெத்தென்று இருந்தது. மேல்மாடி வீடாக இருந்தால் அதையே சொல்லியிருப்பேன். இது நிலத்தில் உட்கார்ந்த எண்பது வருட வீடு, அடியிலிருந்து ஈரம் ஏறும். பாஸோ மொலீனோ பகுதியில் என் நோயாளி ஒருவர் வீட்டில் இரண்டே குளிர்காலத்தில் வினைல் பசை விட்டு, குமிழ் குமிழாகத் தூக்கிக்கொண்டு, வாக்கர் கால் அதில் மாட்டியது.

மிஞ்சியவை இரண்டு டைல்கள். இரண்டிலும் மூத்திரம் இறங்கவில்லை, சாவியால் கீறியும் தழும்பு விழவில்லை. பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்து, வாக்கரின் ரப்பர் காலை அழுத்தித் தள்ளினேன். பளபளப்பில் அது ஓடியது. சொரசொரப்பில் நின்றது. அந்த டைலின் நிறம் நதித் தண்ணீரின் சேற்று நிறம். கபித்தானின் முடியும் ஏறக்குறைய அதே நிறம்தான், உதிர்ந்தது கண்ணில் படாது. இடைவெளியை மெல்லியதாக விட்டு, ஈரம் குடிக்காத கறுப்புப் பசையால் அடைத்துவிட்டால் நாற்றமும் தங்காது. எனக்கு வேலை முடிந்தது.

ஒலிந்தாவுக்கு முடியவில்லை. "இது பஸ் நிலையத் தரை," என்றாள்.

"பஸ் நிலையத்துல தினம் ஆயிரம் பேர் நடக்கிறாங்க. யாரும் இடுப்பை உடைச்சுக்கிறது இல்ல."

மில்தோன் திரும்பி வந்ததும் அவர் பக்கம் சாய்ந்துகொண்டாள். வெள்ளை டைலில் யானை நடந்தாலும் கீறல் விழாது, நாய் எம்மாத்திரம் என்றார் அவர்.

"யானையை விடுங்க. வடக்குக் காத்து அடிக்கிற அன்னைக்கு இது என்ன பண்ணும்?" என்று கேட்டேன்.

"எங்க கடையில எப்பவும் காஞ்சுதான் இருக்கு, மேடம்."

"கடையில காத்தை உலர்த்த மெஷின் ஓடுது. நானும் வந்து பார்த்தேன்."

இந்த நகரத்தில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். குளிர்காலத்தின் நடுவே வடக்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று திரும்பினால் கண்ணாடி அழும், உப்பு கட்டியாகும், தீக்குச்சி பற்றாது, தரை வியர்க்கும். பிள்ளைப் பருவத்திலிருந்து துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தவர்கள்தான் நாங்கள். ஆனாலும் கடைக்குள் நுழைந்து, முகம் தெரிகிற டைலைப் பார்த்ததும் அத்தனையையும் மறந்து அதையே வாங்குகிறோம். வீட்டுக்கு வீடு இந்தப் பைத்தியம் இருக்கிறது. வருடா வருடம் ஜூன் கடைசியில் எனக்கு வேலை கிடைப்பதும் அதனால்தான்.

ஒரு வாரம் கழித்து மில்தோனின் தொலைபேசி வந்தது. திங்கட்கிழமை ஆட்கள் வருவார்கள், வெள்ளை டைல் தயார் என்றார். நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஒலிந்தா அவரை அழைத்துச் சொல்லியிருக்கிறாள்.

"அதுல கபித்தானால நிக்க முடியாது," என்றேன்.

"பழகிக்குவான்."

"பழகுறதுக்கு அவனுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கு?"

"நீ வந்து மூணு வாரம் ஆகல. அவனை எனக்குப் பதினாலு வருஷமாத் தெரியும்."

"தெரிஞ்சுதான் கம்பளிக் காலுறை போட்டீங்களா?"

அவள் கைத்துண்டை எடுத்துக் காலுறையை மூடினாள். அவள் கைக்கு எட்டும் தூரத்தில் கபித்தான் சமையலறை மொசைக்கில் படுத்திருந்தான். நான் வந்த நாளிலிருந்து அவன் ஹாலுக்கு வரவே இல்லை. ஹாலுக்கு முதுகு காட்டிக்கொண்டு, மூக்கை அவள் செருப்பில் வைத்திருந்தான். அவன் காதை நீவிக்கொண்டே அவனை வயலுக்கு அனுப்புகிற டைலை வாங்கியிருந்தாள் அவள். ஒலிந்தா செர்ரோவில் மண் தரையில் வளர்ந்த கதையை நெல்சா எனக்குச் சொன்னபோது பரிதாபப்படச் சொன்னாள். எனக்கு வரவில்லை. மண் தரையில் வளர்ந்த இன்னும் ஆயிரம் பேரை எனக்குத் தெரியும், நான் உட்பட. நாங்கள் யாரும் தரையைக் கும்பிடவில்லை.

மில்தோனிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்கினேன். இரண்டு வகையிலும் நான்கு நான்கு முழு டைல்களை முன்கூட்டியே அனுப்பச் சொன்னேன். பின்பக்க நடையில், சிமெண்டின்மேல் மணல் பரப்பி, முற்றத்துக் கதவுவரை இரண்டு வரிசையாக நானே இறுக்கமாகப் பதித்தேன். ஒரு வரிசை வெள்ளை, ஒரு வரிசை சேறு. நிலத்தின் குளிர் அவற்றில் ஏறட்டும் என்று விட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

ஞாயிறன்று காற்று திரும்பியது. காலையிலேயே சுவரெல்லாம் ஈரம். சமையலறை ஜன்னலில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. ஃபப்ரீசியோ பேக்கரிப் பொட்டலத்தோடு வந்து, மறுநாள் மரத்தரையைப் பெயர்ப்பதைப் பற்றிச் சாவியைக் குலுக்கியபடி பேசிக்கொண்டிருந்தான். ஒலிந்தாவை நான் நடைப்பயிற்சிக்காக வாக்கரோடு பின்நடைக்கு அழைத்துவந்து சேற்று நிற வரிசையில் நிறுத்தியிருந்தேன். இரண்டு வரிசையும் வியர்த்திருந்தன. வெள்ளையில் தண்ணீர் ஏடு கட்டி நின்றது, அதில் எங்கள் மூவர் முகமும் தெளிவாகத் தெரிந்தது. ஒலிந்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கபித்தானுக்கு முற்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒலிந்தாவைச் சுற்றிக்கொண்டு வெள்ளை வரிசையில் கால் வைத்தான். முன்னங்கால்கள் தாண்டின. பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கம் விலகி, வயிறு தரையில் அடித்தது. எழ முயன்றான், இன்னும் விலகியது. பிறகு முயற்சியை விட்டுவிட்டு அப்படியே கிடந்தான். அவனுக்கடியிலிருந்து மூத்திரம் வெள்ளை டைலில் பரவியது. ஒலிந்தாவை மட்டும் நிமிர்ந்து பார்த்தான்.

ஃபப்ரீசியோ பெருமூச்சு விட்டான். "பார்த்தியாம்மா. இப்ப நீ இந்தப் பக்கம் நின்னிருந்தா? தெருவுலயும் இப்படித்தானே உன்னைச் சாய்ச்சான். நான் பேச்சு மாறல. வண்டி வாசல்லதான் நிக்குது." கதவுக்குப் பின்னால் தொங்கிய கயிற்றை எடுத்தான்.

என் மேலங்கிப் பையில் பழுப்புக் காலுறை இருந்தது. அன்று அவள் சொல்லாமல் விட்டிருந்தால் நான் அதை எடுத்திருப்பேனா என்று நெல்சா பிறகு பலமுறை கேட்டிருக்கிறாள். தெரியவில்லை.

"தெருவுல இல்ல," என்றாள் ஒலிந்தா.

"என்னது?"

"நான் விழுந்தது தெருவுல இல்ல. ஹால்ல. அவனுக்கு நாலாவது காலுறையை மாட்டிட்டு எந்திரிச்சேன். அவனுக்குக் கால் வழுக்கி என்மேல சாஞ்சான். ரெண்டு பேரும் விழுந்தோம்."

சாவிக்கொத்து நின்றது. "வாசல்லதானே கிடந்த?"

"இழுத்துக்கிட்டுப் போனேன். இடுப்புக்கு அடியில கம்பளியைச் செருகிக்கிட்டு."

"எதுக்கும்மா?"

ஒலிந்தா வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு, மகனைப் பார்க்காமல் நாயைப் பார்த்துச் சொன்னாள். "தரை வழுக்கித்தான் விழுந்தேன்னு நெல்சா சொல்லக் கூடாதுன்னு."

அவன் சிரிப்பான் அல்லது கத்துவான் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. கையில் கயிறோடு நின்றான். ஹாலில் ஓடி அடிவாங்கிய பையனின் முகம் அது. ஒலிந்தாதான் பேசினாள், எப்போதும் போல அதட்டலாக.

"கயித்தை மாட்டிட்டு அவனைத் தூக்கு. வயித்துல பிடிக்காத. பின்னங்கால் ரெண்டையும் முதல்ல சேர்த்துப் பிடி, இடது பக்கம் அவனுக்கு வலிக்கும்."

அவன் முழங்காலிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டை நனைய நாயைத் தூக்கி, சேற்று நிற டைலில் நிறுத்தினான். அதுவும் ஈரமாகத்தான் இருந்தது. கபித்தான் ஒரு நிமிடம் நடுங்கினான். பிறகு நான்கு கால்களும் பிடித்துக்கொள்ள, ஒலிந்தாவை உரசிக்கொண்டு முற்றத்துக்குள் இறங்கினான்.

"மில்தோனுக்குப் போன் பண்ணு," என்றாள் ஒலிந்தா. "பஸ் நிலையத்தையே போடச் சொல்லு."

நான் மாப்பை எடுத்து வெள்ளையைத் துடைத்தேன். மறுநாள் காலை மாத்திரைத் தட்டுக்குப் பக்கத்தில் காலுறையை வைக்கவில்லை. அவள் கைத்துண்டை எடுத்தாள், மூட ஒன்றும் இல்லாததால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

தரையைப் பெயர்த்த ஆட்கள் மரக்கட்டைகளின்மேல் விரல் நகம் இறங்கும் அளவுக்கு மெழுகு படிந்திருந்ததைக் காட்டிச் சிரித்தார்கள். ஃபப்ரீசியோ வீணாக்க மனமில்லாமல் இரண்டு மூட்டைக் கட்டைகளைத் தன் வீட்டில் இறைச்சி சுட எடுத்துப் போனான். நெருப்பு ஆளுயரத்துக்கு எழும்பியதாம். சாப்பிட்ட எல்லோருக்கும் இரண்டு நாள் வாயில் மெழுகு நாற்றம். அப்பாவுக்கு ஏற்ற பிள்ளையா என்று தெரியாது, அம்மாவுக்கு ஏற்ற பிள்ளைதான்.

புதுத் தரையில் ஒரு வாரம் கடந்தது. குளிர்காலமும் கடந்தது. காலையில் படுக்கையறையிலிருந்து முற்றம்வரை இருவரும் நடப்பார்கள், ஒலிந்தா வாக்கரோடு, கபித்தான் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு. அவள் நின்றால் அவன் நிற்பான். அவன் உட்கார்ந்தால் அவள் திட்டிக்கொண்டே காத்திருப்பாள். யாரும் விழவில்லை. நகம் டக் டக்கென்று அந்தத் தரையில் கேட்கும். அந்த வீட்டில் முதல் தடவையாக நடக்கிற சத்தம்.

அக்டோபரில் என் வேலை முடிந்தது. கிளம்புகிற அன்று நெல்சாவின் அக்கா வந்திருந்தாள், கம்பளி இல்லாமல், செருப்பு மண்ணோடு. தரை நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். இத்தாலியிலிருந்து வந்தது என்று ஒலிந்தா பதில் சொன்னாள். பெட்டிகளை உடைத்தவள் நான். பிரேசிலில் செய்தது என்று எல்லாப் பெட்டியிலும் எழுதியிருந்தது. கபித்தான் பன்னிரண்டு கம்பளித் துண்டுகளையும் ஒன்றாகத் தைத்த விரிப்பில் படுத்திருந்தான். மோஸ்கா அவன் முதுகில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

என் பையை எடுக்கப் பின்பக்கம் போனேன். சலவைப் பொடிக்குப் பின்னால் ஒரு மெழுகு டின், புதிது, மூடி திறக்காதது. நெல்சாவிடம் சொல்லி வாங்கியிருப்பாள். அதை என் பையில் போட்டு, மேலே என் மேலங்கியை மடித்து வைத்து ஜிப்பை இழுத்தேன். திரும்பினால் கதவருகே வாக்கரைப் பிடித்தபடி ஒலிந்தா நின்றிருந்தாள். பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் போக வழிவிட்டாள்.